வலித்தது ஓரிடம், கோளாறு வேறிடம்: உங்கள் வயிறு காட்டிய வேடிக்கைகளைப் பகிருங்கள்

உள்நோக்கி:
எண்டோஸ்கோபி அறையில், அதாவது கேமரா பொருத்திய குழாயை வாய் வழியாக விட்டு இரைப்பையைப் பார்க்கிற இடத்தில், உதவியாளராக இருக்கிறேன். வருகிறவர்களிடம் "எங்கே வலிக்குது, கை வச்சுக் காட்டுங்க" என்றால் பெரும்பாலானவர்கள் தொப்புளைச் சுற்றி உள்ளங்கையால் ஒரு வட்டம் போடுவார்கள். இரைப்பை எங்கே இருக்கிறது என்று கேட்டாலும் அதே வட்டம்தான். நிஜத்தில் இரைப்பை அதற்கு நல்ல மேலே, இடப்பக்க விலா எலும்புகளுக்குள் பாதி ஒளிந்தபடி இருக்கிறது. தொப்புளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் சிறுகுடல். வலப்பக்க விலாவுக்கு அடியில் கல்லீரல், அதன் கீழ்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பித்தப்பை. கணையமோ எல்லாவற்றுக்கும் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே கிடக்கிறது. அது வீங்கினால் வலி முதுகுவரை ஊடுருவும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்பார்கள்.

எனக்கு இன்னும் அலுக்காத ஒரு காட்சி உண்டு. மயக்க மருந்து வேண்டாம், தொண்டைக்கு ஸ்பிரே மட்டும் போதும் என்று வருகிறவர்களுக்கு, இரைப்பைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் திசுவைக் கிள்ளி எடுப்போம். திரையில் ரத்தம் துளிர்ப்பது தெரியும், ஆள் முகத்தில் ஒரு சுளிப்பு வராது. அதே ஆள், கொஞ்சம் காற்று ஊதி இரைப்பையை விரித்தவுடன் நெளிய ஆரம்பித்துவிடுவார். வெட்டினால், கிள்ளினால் உள்ளுறுப்புகளின் நரம்புகளுக்கு உறைக்காது. இழுவை, அடைப்பு, வீக்கம், ரத்த ஓட்டம் குறைவது, இவைதான் உறைக்கும். அதுவும் எந்த இடம் என்று சரியாகச் சொல்லத் தெரியாது.

உங்களுக்கு இப்படி இடம் மாறி வலித்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். மாத்திரை பெயர் கேட்டு மட்டும் யாரும் வர வேண்டாம், அதற்கு மருத்துவர் இருக்கிறார்.

பையில்லாதவன்:
என் கதை வலது தோள்பட்டையில் ஆரம்பம். ராத்திரி சாப்பிட்டுப் படுத்து ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை எலும்புக்கு அடியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி வலி வரும், இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும், அப்புறம் வந்த சுவடே தெரியாமல் போய்விடும். தலையணையை மாற்றினேன், தைலம் தடவினேன், கடைசியில் பிசியோதெரபி. அந்த அம்மா என் கையை மேலே தூக்கி, பின்னால் முறுக்கி, எல்லாம் பார்த்துவிட்டு "தோள்ல ஒண்ணுமே இல்லையே, நல்லா அசையுது. வலி வர்ற அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்புதான் வந்தது, தோளுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று. யோசித்துப் பார்த்தால் எண்ணெய் அதிகமான சாப்பாடு சாப்பிட்ட ராத்திரிகளில்தான் வந்திருக்கிறது.

ஸ்கேன் எடுத்தால் பித்தப்பைக்குள் கல். கொழுப்பு முன்சிறுகுடலுக்குள் இறங்கியதும் அங்கிருந்து ஒரு ஹார்மோன் ரத்தத்தில் கலந்து பித்தப்பையைச் சுருங்கச் சொல்கிறதாம். பை சுருங்கும்போது கல் அதன் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது, வலி கிளம்புகிறது. தோளுக்கு ஏன் வந்தது என்றால், பித்தப்பைக்கு மேலே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைத்திரையான உதரவிதானத்தின் நரம்பு கழுத்துத் தண்டுவடத்திலிருந்து வருகிறது, தோளின் தோல் நரம்புகளும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் போய்ச் சேருகின்றன. மூளைக்கு வந்த செய்தி எந்த வாசலில் இருந்து வந்தது என்று குழப்பம்.

பையை எடுத்தாகிவிட்டது. பை போனால் பித்தமே போய்விடும் என்று நினைத்திருந்த உறவினர்களுக்கு விளக்கியே வாய் வலித்துவிட்டது. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், ஒரு நாளைக்கு 600 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை. பை வெறும் 30 முதல் 50 மில்லி பிடிக்கிற சேமிப்புக் கிடங்கு. இப்போது பித்தநீர் தேங்காமல் நேராகக் குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஆரம்பத்தில் எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டால் உடனே கழிவறைக்கு ஓட வேண்டியிருந்தது, பிறகு பழகிவிட்டது.

ஹாஸ்டல்வாசி:
எனக்குக் குடல்வால். சாயங்காலம் தொப்புளைச் சுற்றி மந்தமான வலி, பசியே இல்லை, ஒரு தடவை வாந்தி. ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்துவிட்டேன். விடியற்காலையில் பார்த்தால் வலி அடிவயிற்றின் வலப்பக்கம் இறங்கி, ஒரு விரல் வைத்துக் காட்டுகிற அளவுக்குக் கூர்மையாக இருந்தது. வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் உயிர் போனது. மருத்துவர் மெதுவாக அழுத்தினார், அது பரவாயில்லை. சட்டென்று கையை எடுத்தார் பாருங்கள், கட்டிலில் இருந்து எழும்பிவிட்டேன். "அவ்வளவுதான், தெரிஞ்சுபோச்சு" என்றார்.

உள்நோக்கி:
@ஹாஸ்டல்வாசி, இதில் இரண்டு வேறு நரம்புகளின் வேலை இருக்கிறது. முதலில் குடல்வால் வீங்கும்போது செய்தியைக் கொண்டுபோனது உள்ளுறுப்பு நரம்பு, அது போய்ச் சேருகிற தண்டுவட மட்டம்தான் தொப்புளைச் சுற்றியுள்ள தோலுக்கும். அதனால் தொப்புள் வலி. அழற்சி வெளியே பரவி வயிற்றின் உட்சுவரைத் தொட்டதும் தோலுக்கும் தசைக்கும் உள்ள அதே வகை நரம்பு வேலையில் இறங்குகிறது, அதற்கு இடம் துல்லியமாகத் தெரியும்.

அப்பாவின்மகள்:
எல்லாரும் வயிற்றுக் கோளாறு வேறெங்கோ வலித்த கதை எழுதுகிறீர்கள், எங்கள் வீட்டில் தலைகீழ். அப்பாவுக்கு மேல்வயிற்றில் எரிச்சல், ஏப்பம், "காஸ்தான், கொஞ்ச நேரத்துல சரியாப்போகும்" என்று அமிலத்துக்கான மருந்தைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வியர்வை, மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே. அதைப் பார்த்துத்தான் அம்மா பிடிவாதமாகக் கிளப்பினார். ஈசிஜியில் மாரடைப்பு. இதயத்தின் அடிப்பகுதி உதரவிதானத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பக்கம் அடைப்பு வந்தால் இரைப்பைத் தொந்தரவு மாதிரியே காட்டலாம் என்று பிறகு சொன்னார்கள். எரிச்சலோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ தாடை, கை வலியோ இருந்தால் ஏப்பம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உடற்கூறுமேசை:
முதலாண்டு மருத்துவ மாணவன். உடற்கூறு அறையில் வயிற்றைத் திறந்த அன்று குடல் தெரியவில்லை. தெரிந்தது மஞ்சளாக ஒரு கொழுப்புத் திரை, இரைப்பையிலிருந்து தொங்கி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு. அதை மேலே புரட்டினால்தான் சிறுகுடல் சுருள் சுருளாக வருகிறது. சுருள்களைக் கையில் அள்ளித் தூக்கினால், அவை தனியாகக் கிடக்கவில்லை, ஒரு மெல்லிய இரட்டைச் சவ்வில் தொங்குகின்றன, அதற்குள்தான் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. கிட்டத்தட்ட ஆறு மீட்டர் குடலைத் தாங்குகிற அந்தச் சவ்வு, முதுகுச் சுவரில் ஒட்டியிருக்கிற இடத்தில் சுமார் 15 சென்டிமீட்டர்தான் நீளம். இடுப்புப் பட்டையில் கொசுவம் வைத்துத் தைத்த பாவாடையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆறு மீட்டர் கணக்கும் இறந்த உடலுக்குத்தான். உயிரோடு இருக்கிறவரிடம் தசை இறுக்கத்தால் குடல் இதைவிடக் குட்டையாக இருக்கும். புத்தகத்துக்குப் புத்தகம் நீளம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலப்பக்கப்பை:
பெருங்குடலின் கடைசிப் பகுதியில் இருந்த கட்டியை எடுத்துவிட்டுத் தைத்தார்கள். தையல் ஆறும்வரை மலம் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சிறுகுடலின் கடைசிப் பகுதியை அடிவயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து ஒரு வாய் வைத்து, அதன் மேல் பை ஒட்டினார்கள். ஸ்டோமா என்று பெயர். சிவப்பாக, ஈரமாக, உதட்டின் உட்புறம் மாதிரி நிறம். முதல் தடவை பை மாற்றும்போது அது தானாகச் சுருங்கி நீண்டு, மறுபடி சுருங்கியதைப் பார்த்துக் கத்திவிட்டேன். செவிலியர் சிரித்துக்கொண்டே "அது அலைஇயக்கம், நம்ம எல்லாருக்கும் உள்ளே எப்பவும் நடக்கிறதுதான், உங்களுக்கு மட்டும் வெளியே தெரியுது" என்றார். தொட்டால் வலியே இல்லை. சுற்றியுள்ள தோலில் திரவம் கசிந்தால்தான் தீயாக எரியும், ஏனென்றால் அதில் கணையத்தின் நொதிகள் இன்னும் வீரியத்தோடு இருக்கின்றன, சாப்பாடு என்றும் தோல் என்றும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது.

பெருங்குடலுக்கு என்ன பெரிய வேலை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த மாதங்களில் நன்றாகப் புரிந்தது. பையில் வருவது திரவம்தான், சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே. மெதுவாகக் கரைகிற வகை மாத்திரை ஒன்று முழுசாக வந்து விழுந்தது. மருத்துவரிடம் சொன்னதும் அதை வேறு வகைக்கு மாற்றினார். நாம் குடிப்பது, எச்சில், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது லிட்டர் சிறுகுடலுக்குள் போகிறது. பெரும்பகுதியை அதுவே உறிஞ்சிக்கொண்டு, ஒன்று, ஒன்றரை லிட்டரைப் பெருங்குடலுக்குத் தள்ளுகிறது. அதிலும் கடைசியில் மலத்தோடு போவது 100, 200 மில்லிதான். எனக்கு அந்தக் கடைசிக் கட்டம் கிடையாது. வெயில் நாட்களில் தாகம் தாங்காமல் வெறும் தண்ணீராகக் குடித்தேன். குடிக்கக் குடிக்கப் பை நிறைந்தது, கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லி, வெறும் தண்ணீருக்கு அளவு வைத்தார்கள், அதற்குப் பிறகுதான் காலில் பிடிப்பு நின்றது.

தலைப்புக்குப் பொருத்தமாக ஒன்று: மலம் பை வழியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, பின்பக்கம் போக வேண்டும் என்ற உந்துதல் வரும். அங்கே மலமே இல்லை. போய் உட்கார்ந்தால் கொஞ்சம் சளி மட்டும் வரும். பயப்பட வேண்டாம், மலக்குடல் தன் பாட்டுக்குச் சளி சுரந்துகொண்டுதான் இருக்கும் என்றார்கள்.

உள்நோக்கி:
@வலப்பக்கப்பை, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சர்க்கரை சுவைக்காகச் சேர்ப்பதில்லை என்று நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிறுகுடலின் செல்களில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக நுழைகிற ஒரு வழி இருக்கிறது, இவை உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் இதை முன்வைத்தார். குடலை வெளியே இருந்து பார்த்தது என்றதும் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் நினைவுக்கு வருகிறார். 1822-ல் துப்பாக்கிக் குண்டு பட்ட காயம், இரைப்பைக்குள் திறக்கிற ஓட்டையாகவே ஆறிப்போனது. வில்லியம் போமான்ட் என்ற ராணுவ மருத்துவர் நூலில் உணவைக் கட்டி அதற்குள் விட்டு வெளியே எடுத்துப் பார்த்துப் பார்த்தே இரைப்பைநீர் என்ன செய்கிறது என்று 1833-ல் புத்தகம் போட்டார். அந்த மனிதரை அவர் நடத்திய விதம் எனக்கு உவப்பானது இல்லை, அது வேறு விஷயம்.

தையல்நாலு:
வயிற்று அறுவைக்குப் பிறகு வருகிற மருத்துவர்கள் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி "காஸ் போச்சா?" மாமனார், மாமியார் முன்னாலேயே கேட்டார்கள். அறுவையின்போது குடல் வேலைநிறுத்தம் செய்துவிடும், சிறுகுடல் சில மணி நேரத்தில் திரும்பிவிடும், இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள், பெருங்குடல்தான் கடைசி, இரண்டு மூன்று நாள் ஆகும் என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். காற்று பிரிந்தால் கடைசி ஆளும் வேலைக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். எனக்குப் பிரிந்தபோது வார்டே கேட்டது, பக்கத்துக் கட்டில்காரர் கை தட்டினார்.

கரகரகுரல்:
எனக்கு நெஞ்செரிச்சல் இருந்ததே இல்லை. காலையில் குரல் கம்மும், வறட்டு இருமல், தொண்டையில் ஏதோ உருண்டை நிற்கிற உணர்வு. தொண்டை மருத்துவர் குரல்நாணைப் பார்த்துவிட்டு இரைப்பை அமிலம் மேலே வருகிறதா என்று சந்தேகப்பட்டார். உணவுக்குழாயும் இரைப்பையும் சேருகிற இடத்தில் உள்ள சுருக்குத்தசை தளர்ந்தால் இப்படி. சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கை, தலைமாட்டுக் கட்டில் காலுக்கு அடியில் கட்டை, இடப்பக்கம் சாய்ந்து தூக்கம். இடப்பக்கம் ஏன் என்றால், அப்படிப் படுக்கும்போது அமிலம் தேங்குகிற இடம் கீழேயும் அந்தச் சந்திப்பு மேலேயும் இருக்கும். மாத்திரையைவிட இந்தக் கட்டைதான் எனக்குக் கைகொடுத்தது என்பேன்.

புதுவரவு:
இங்கே கேட்கலாமா தெரியவில்லை. மலம் கருப்பாகப் போனால் எந்த இடத்துக் கோளாறு?

உள்நோக்கி:
தாராளமாகக் கேட்கலாம். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிந்தால், வழியிலேயே செரிமானமாகி, தார் நிறத்தில் பிசுபிசுப்பாக, தாங்க முடியாத நாற்றத்தோடு வரும். கடைசிப் பகுதியில் கசிந்தால் பெரும்பாலும் சிவப்பாகவே இருக்கும், மேலே கசிவு மிக அதிகமானாலும் சிவப்பாக வருவது உண்டு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. நீங்கள் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்றால் பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே போய்க் காட்டுங்கள், தலைசுற்றலும் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு.