தாத்தா வீட்டு உறவுகள்: கரண்ட் வண்டிப் பேச்சு

ஞாயிறு மாலை 6:42

கோவிந்தன்: (பார்வர்டு) மின்சார லாரிக்கு மத்திய அரசு மானியம் 9.6 லட்சம்! உடனே பகிரவும்!!

கோவிந்தன்: சரவணா, இது நிஜமா? நம் வண்டிக்கு எப்.சி. (தகுதிச் சான்று) 20ஆம் தேதியோடு முடிகிறது. வேலை பார்த்துக் கொடுக்க 60 ஆயிரம் கேட்கிறார் மெக்கானிக். பேசாமல் கரண்ட் வண்டி எடுத்துவிடலாமா?

செல்வி: ஆடி 18க்கு ஒகேனக்கலுக்கு அண்டாவும் அடுப்பும் எந்த வண்டியில் போகிறது? அதைச் சொல்லுங்க முதலில்.

சரவணன்: சித்தப்பா, பாதி நிஜம். பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 2025 ஜூலையில் அறிவித்தார்கள். அதிகபட்சம்தான் 9.6 லட்சம். அதுவும் மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் உள்ள லாரிகளுக்கு. பழைய லாரியை உடைக்கக் கொடுத்த சான்றிதழும் வேண்டும். நீங்கள் பார்க்கிற குட்டியானை (டாடா ஏஸ்) அதில் வராது.

மணி: போச்சா 😔

லட்சுமி: மானியமே இல்லையென்றால் எதற்குப் புது வண்டி? மறுபடியும் டியூவா?

கோவிந்தன்: இல்லை அண்ணி, சும்மா விசாரிக்கிறேன்.

லட்சுமி: பத்துச் சக்கர வண்டிக்கும் இப்படித்தான் விசாரித்தீர்கள். அதற்கு அடகு வைத்த ஆரம் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

செல்வி: அண்ணி, இப்ப எதுக்கு அது.

சரவணன்: அம்மா, கொஞ்சம் பொறு. கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா, உங்கள் டீசல் வண்டி லிட்டருக்கு 18 கொடுக்கிறது. டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய்க்கு மேல் போகிறது. மின்சார வண்டி லோடோடு யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர் ஓடினாலும், வீட்டில் சார்ஜ் போட்டால் 2 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் பிளேட் கிடையாது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸிலும் 15 சதவீதம் குறையும். ஆனால் வெளியே பாஸ்ட் சார்ஜரில் போட்டால் யூனிட் 20 ரூபாய் பக்கம் வரும். அப்போது மிச்சம் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான். அதனால் ராத்திரி வீட்டிலேயே போட வேண்டும். 15 ஆம்பியர் பிளக்கில் 7 மணி நேரம் ஆகும்.

பழனி: ராத்திரி கரண்ட் போனால்?

சரவணன்: அதுதான் மாமா சிக்கல்.

மணி: ஹைபிரிட் எடுத்தால் அந்தக் கவலை இல்லையே அண்ணா

சரவணன்: ஹைபிரிட்டில் இன்ஜினும் இருக்கும், பேட்டரியும் இருக்கும். இரண்டின் எடையையும் வண்டி சுமக்கணும், இரண்டையும் நாம் பராமரிக்கணும். டவுனுக்குள் நின்று நின்று போகிறவனுக்கு லாபம். நாற்கர சாலையில் ஒரே வேகத்தில் போகிறவனுக்குப் பெரிதாக மிஞ்சாது.

பழனி: எனக்கு ஒன்று சொல். தொப்பூர் இறக்கத்தில் எப்படி?

பழனி: 22 வருஷம் அந்தக் கணவாயில் இறங்கியவன் நான். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவான்கள். பாதி இறக்கத்திலேயே பிரேக் லைனிங் கருகும் வாசனை கேபினுக்குள் வரும். கிளீனர் பையன் சக்கரத்துக்கு வைக்கும் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து நிற்பான்.

சரவணன்: அந்த இடத்தில் மின்சார வண்டி நல்லது மாமா. காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி வேலை செய்து வண்டியைப் பிடிக்கும், பேட்டரிக்கும் கொஞ்சம் திரும்பும். லைனிங் அவ்வளவாகத் தேயாது. ஒன்று மட்டும் கவனிக்கணும். மேலே முழுசாகச் சார்ஜ் போட்டுவிட்டு உடனே இறங்கினால் திரும்புகிற மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இருக்காது. அந்தப் பிடி குறைந்துவிடும்.

பழனி: ம். இதை எந்த ஷோரூமிலும் சொல்ல மாட்டான்.

செல்வி: தொப்பூருக்கு யார் போகப் போகிறார்கள்? கோவிந்தன் ஓடுவது ஓசூர்தானே.

கோவிந்தன்: ஆமாம் அக்கா. காவேரிப்பட்டணத்திலிருந்து தக்காளி, மாங்காய். போக வர 125 கிலோமீட்டர்.

சரவணன்: அங்கேதான் இடிக்கிறது சித்தப்பா. டாடா ஏஸ் இவி 2022இல் வந்தபோது 21.3 யூனிட் பேட்டரி, 600 கிலோ சுமை, 154 கிலோமீட்டர் என்றார்கள். அது சோதனையில் வந்த கணக்கு. பிறகு ஒரு டன் மாடலும் வந்தது. ஓசூர் நமக்கு 350 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. லோடோடு சூளகிரி ஏறிப் போய்ச் சேர, அந்த உயரத்துக்கு மட்டும் இரண்டரை யூனிட் போய்விடும். ஒரு சார்ஜுக்கு 110 கிலோமீட்டர் என்றுதான் நான் நம்புவேன். மண்டியில் இறக்குகிற நேரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் சார்ஜ் போட ஒரு பிளக் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் வேண்டாம்.

சரவணன்: இன்னொன்று. ஒன்றரை டன் ஏற்றுகிற பழக்கத்தை விட்டுவிடணும்.

மணி: அப்பாவா 😂

கோவிந்தன்: சீசனில் ஏற்றாமல் எப்படிடா கட்டும்?

லட்சுமி: கோவிந்தா, உனக்கு முதுகு வலி என்று மணி சொன்னான். கரண்ட் வண்டியில் கியர் போட வேண்டாமாமே?

சரவணன்: ஆமாம்மா. கிளட்ச்சே கிடையாது.

லட்சுமி: அப்படியென்றால் பாருங்கள். ஆனால் யார் நகையும் பேங்குக்குப் போகக் கூடாது.

கோவிந்தன்: போகாது அண்ணி. சத்தியம்.

பழனி: புதன்கிழமை ஷோரூமுக்கு நான் கூட வருகிறேன். காலி வண்டியில் ஓட்டிப் பார்க்கக் கூடாது. மூட்டை ஏற்றித்தான் தரவேண்டும் என்று கேட்போம்.

கோவிந்தன்: மண்டிக்காரரிடம் பிளக் பற்றி நாளைக்குக் கேட்கிறேன் மாமா. எப்.சி.யைத் தள்ள முடியாது, அதையும் பார்க்கணும்.

சரவணன்: 60 ஆயிரத்தை அதற்குள் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கோவிந்தன்: 5 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

மணி: 🤦

செல்வி: அண்டா??

லட்சுமி: அண்டா என் வீட்டில்தான் இருக்கிறது. மூடிதான் போன வருஷம் ஒகேனக்கல் போனதிலிருந்து காணோம். பழனி அண்ணன் வண்டியில் பார்க்கச் சொல்.