ஸ்பானிஷில் 'செய்யாதே' என்று சொல்வது: பயிற்சித்தாளுக்கு உதவி தேவை

ஸ்பானிஷ் சொல்லித்தருகிறவர்களுக்கு ஒரு கேள்வி. ஒழுங்கான வினைகளுக்கு எதிர்மறைக் கட்டளை பற்றி ஒரு பக்கத்தில் பயிற்சித்தாள் தயாராகிறது. இதுவரை உள்ளது இது:

'நான்' வடிவத்தை எடுத்து, கடைசி 'ஓ'வை வெட்டி, எதிர் உயிரைச் சேர்க்க வேண்டும். -ஆர் என்று முடியும் வினைக்கு 'எஸ்': ஆப்லோ, நோ ஆப்லெஸ் (பேசாதே). -எர், -இர் வினைகளுக்கு 'ஆஸ்': நோ கோமாஸ் (சாப்பிடாதே), நோ எஸ்க்ரிபாஸ் (எழுதாதே). மரியாதைக்கு, அதாவது உஸ்தெத்துக்கு, கடைசி 'ஸ்' போய்விடும்: நோ ஆப்லெ, நோ கோமா.

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: 'ஆப்லா' என்றால் பேசு, அதன் முன்னால் 'நோ' போட்டால் போதும் என்று 'நோ ஆப்லா' என்கிறார்கள். அது கட்டளையே இல்லை, 'அவர் பேசுவதில்லை' என்றாகிவிடும். இன்னொன்று, 'அதை' வரும் இடம். கோமெலோ (அதைச் சாப்பிடு) என்று ஒட்டி வருவது, எதிர்மறையில் பிரிந்து வினைக்கு முன்னால் போகும்: நோ லோ கோமாஸ். எழுதும்போது புஸ்கார் (தேடு) வினையில் 'சி' போய் 'கியூ, யு' வரும். யெகார் (வந்து சேர்) வினையில் 'ஜி'க்குப் பின் 'யு' சேரும். ஒலி மாறாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு.

கேட்க வேண்டியது இரண்டு. அர்ஜென்டினாவில் 'நீ' என்பதற்கு 'வோஸ்' சொல்பவர்களிடம் 'நோ ஆப்லெஸ்' என்பதும், கடைசியில் அழுத்தம் விழும் 'நோ ஆப்லேஸ்' என்பதும் காதில் விழுகின்றன. எதை எப்போது சொல்கிறார்கள்? அடுத்து, சப்ஜங்க்டிவ் (விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும் வினைவடிவம்; இந்தக் கட்டளை வடிவங்களும் அதைச் சேர்ந்தவைதான்) தெரியாதவர்களுக்கு இதை முதலில் நடத்தலாமா, அல்லது அதை முடித்துவிட்டு வருவது நல்லதா? வகுப்பில் எது எடுபட்டது என்று சொன்னால் வரிசையை அதற்கேற்ப மாற்றிவிடலாம்.