‘ஸ்டேஜ்கோச்’ என்பதற்கு ‘அஞ்சற்குதிரை வண்டி’: ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

வழிநெடுகக் குதிரைகளை மாற்றிப் பூட்டிப் பயணிகளை ஏற்றிச்சென்ற பழைய வண்டியான ‘ஸ்டேஜ்கோச்’ என்பதற்கு இதுவரை மேடை வண்டி, பயணியர் குதிரை வண்டி, சாரட்டு, தபால் வண்டி என நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. முதலாவதை உடனே விலக்கிவிடலாம். இங்கே ‘ஸ்டேஜ்’ என்பது நாடக மேடையன்று. குதிரை மாற்றும் ஓரிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடைப்பட்ட வழித்தொலைவு. நம் ஊர்ப் பேருந்தில் கட்டணம் மாறும் இடத்தை ‘ஸ்டேஜ்’ என்று சொல்வதும், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ‘ஸ்டேஜ் கேரியேஜ்’ என்று ஒரு வகை வண்டியைக் குறிப்பதும் அந்தப் பழம்பொருளின் எச்சங்களே. மற்ற மூன்றையும் எடைபோடுவதற்கு முன், அந்த வண்டியை நடத்தியவர்கள் உண்மையில் என்ன தொழில் செய்தார்கள் என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. ஆஸ்திரேலியாவில் இத்தகைய வண்டிகளை நடத்திய ஃப்ரீமன் காப் என்பவரைப் பற்றி நான் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் வரலாற்றிலிருந்தே அதைச் சொல்கிறேன்.

காப் 1830இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1851இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அக்குடியேற்றத்தின் மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 77,000இலிருந்து 5,40,000 ஆகப் பெருகியது. கப்பலில் வந்து மெல்போர்னில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் அங்கே தங்குவதற்கு வரவில்லை. சுரங்கங்களுக்கு எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்பதே அவர்களுடைய கவலை. 1853இல் சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் சார்பில் அங்கு வந்த காப், பெக், ஸ்வான்டன், லாம்பர் என்னும் மூன்று அமெரிக்கர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டு, 1854 ஜனவரி 30 அன்று மெல்போர்னிலிருந்து ஃபாரஸ்ட் கிரீக், பெண்டிகோ ஆகிய தங்க வயல்களுக்குத் தம் முதல் வண்டியை அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 23.

அந்தத் தடத்தில் அவருக்கு முன்பே வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. காப் வேறுபட்டது இரண்டு செய்திகளில். ஒன்று வண்டியின் அமைப்பு: எஃகு வில் பொருத்திய ஆங்கிலேய வண்டிகள் அந்தக் குண்டுகுழிப் பாதைகளில் முறிந்துபோயின, அமெரிக்க வண்டியிலோ பயணிகள் அமரும் கூடு, பல அடுக்குத் தோல்வார்களின்மேல் தொட்டில்போல் அசைந்தது. மற்றொன்று, என் பார்வையில் இதைவிட முக்கியமானது: ஏறத்தாழப் பத்து மைலுக்கு ஒருமுறை களைத்த குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தீனி தின்று இளைப்பாறிய குதிரைகளைப் பூட்டுவது. இதற்காக வழிநெடுக லாயங்கள், வைக்கோல், தண்ணீர், குதிரைக்காரர், லாடம் அடிப்பவர் என அத்தனையும் வண்டி வந்து சேரும் நேரத்துக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். பயணி வாங்கிய சீட்டின் விலையில் வண்டிக்கான பங்கைவிட இந்த ஏற்பாட்டுக்கான பங்கே பெரிதாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. 1856இல் காப் தம் பங்கை விற்றுவிட்டு அமெரிக்காவுக்குத் திரும்பிய பின்னும், பிறர் கைகளில் அவர் பெயரிலேயே நிறுவனம் வளர்ந்து, 1870 அளவில் நாளொன்றுக்கு 6,000 குதிரைகளைப் பூட்டியது என்று சொல்லப்படுகிறது. அதன் அளவைச் சொல்ல வண்டிகளை விட்டுக் குதிரைகளை எண்ணியிருப்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

ஆகவே, குதிரை மாற்றுதல் என்னும் கருத்து இல்லாத சொல் எதுவும் இந்த வண்டிக்குப் பெயராக இருக்க முடியாது. ‘பயணியர் குதிரை வண்டி’ ஜட்காவுக்கும் பொருந்திவிடும். ‘சாரட்டு’ என்றதும் நமக்குத் திருமண ஊர்வலம் நினைவுக்கு வருகிறது. சேற்றில் புதைந்த சக்கரத்தைப் பயணிகளே இறங்கித் தள்ள நேர்ந்த வண்டிக்கு அது பொருந்தாது. ‘தபால் வண்டி’ பொருளால் அருகில் வருகிறது. காப் பெயரிலான நிறுவனமும் அரசின் தபால் மானியத்தைப் பெரிதும் நம்பியிருந்தது. ஆயினும் தபாலுக்கென்றே ஓடிய வண்டிகள் இங்கிலாந்தில் 1784 முதல் தனி வகையாக இருந்ததால், அந்தப் பெயரை அவற்றுக்கே விட்டுவைக்க வேண்டும்.

நான் முன்மொழிவது ‘அஞ்சற்குதிரை வண்டி’. அஞ்சல் என்றால் இன்று தமிழ்நாட்டில் கடிதப் போக்குவரத்து மட்டுமே என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் கோலைக் கைமாற்றி ஓடும் போட்டிக்கு ‘அஞ்சலோட்டம்’ என்றுதான் பெயர். தெலுங்கில் ‘அஞ்செ’ என்பது வழியில் ஆளோ குதிரையோ மாறும் கட்டத்தைக் குறிக்கும். ‘அஞ்செலஞ்செலுகா’ என்றால் படிப்படியாக என்று பொருள். 1951இல் இந்தியத் தபால் துறையோடு இணையும்வரை திருவிதாங்கூரில் தனியாக இயங்கிய அஞ்சல், மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சற்காரர்களால் நடந்தது. கடிதம் என்னும் பொருள் அஞ்சலுக்குப் பின்னால் ஏறியது என்றும், கைமாற்றிச் செல்லுதலே அதன் அடிப்பொருள் என்றும் கொள்ள இவையெல்லாம் இடம் தருகின்றன. ‘அஞ்சல் வண்டி’ என்று மட்டும் சொன்னால் சிவப்பு நிறத் தபால் வண்டி கண்முன் வந்துவிடும் என்று ஒரு நண்பர் சொன்னதை ஏற்கிறேன். அதனால்தான் குதிரையை இடையில் சேர்த்தேன். சொல் நீண்டுவிட்டது உண்மை. ஆனால் இதிலிருந்து ‘அஞ்சற்குதிரை’, ‘அஞ்சற்குதிரை நிலை’ என்று துணைச்சொற்கள் எளிதாகக் கிளைக்கின்றன. வரலாற்று நூலை மொழிபெயர்ப்பவருக்கு அவை ஒவ்வொரு பக்கத்திலும் தேவைப்படும்.

காப் போன்றவரை ‘நடத்துநர்’ என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். அச்சொல் நம்மிடையே பேருந்தில் சீட்டுக் கொடுப்பவருக்கு உறுதியாகிவிட்டது. ‘பஸ் முதலாளி’ என்று நம் ஊர்களில் வழங்கும் சொல்லையொட்டி ‘வண்டி முதலாளி’ என்று எழுதலாம். 1871இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, போர்ட் எலிசபெத்திலிருந்து கிம்பர்லி வைர வயல்களுக்கு மீண்டும் வண்டி விட்டு, அந்த நிறுவனம் நொடித்த பிறகு 1878இல் அங்கேயே இறந்த ஒருவருக்கு, ஆதாயத்தையும் இழப்பையும் தன் தலைமேல் தாங்கும் பொருளுடைய ‘முதலாளி’ தகுந்த சொல்லே.

வண்டிக்கூட்டைத் தாங்கிய அந்தத் தோல்வார் அடுக்குக்கு மட்டும் இன்னும் எனக்குச் சொல் அமையவில்லை. ‘தாங்குவார்’ என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியத்தில் அது ‘தாங்குபவர்’ என்று ஒலித்தது. இப்போதைக்கு ‘தொட்டில்வார்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வண்டிப் பட்டறையிலோ தோல் வேலையிலோ பழகியவர்கள் இதற்கு நெருக்கமான புழக்கச் சொல்லை அறிந்திருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். நான் உருவாக்கியதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வேன்.

அன்புடன்.