பெரிய நிறுவனத்தை விட்டு விலகினால் திரும்பச் சேர முடியுமா?

நான்: பெரியப்பா, வணக்கம். மும்பை சட்ட நிறுவனத்தை விட்டு விலகி, ஒரு மருந்துக் கம்பெனியின் சட்டப் பிரிவில் சேர எண்ணியிருக்கிறேன். ஆறு நிமிடத்துக்கு ஒரு பதிவாக, யாருக்கு என்ன வேலை செய்தேன் என்று டைம்ஷீட் நிரப்பிக்கொண்டு நள்ளிரவு வரை உட்கார்ந்திருக்க இனி என்னால் இயலாது. ஆனால் கம்பெனி இணைப்பு ஒப்பந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது என்பதால், பின்னாளில் திரும்பும் வழி அடைபட்டுவிடக் கூடாது.

அம்மா: முதலில் உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு. தீபாவளிக்கு வந்தபோதும் நீ சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாய்.

பெரியப்பா: வழி அடைபடாது, ஆனால் வழக்கறிஞர்களைப் பதிவுசெய்யும் பார் கவுன்சில் விஷயத்தை நீ கவனமாகச் செய்ய வேண்டும். பல பெரிய சட்ட நிறுவனங்கள் வழக்கறிஞர்களுக்குச் சம்பளமாக அல்லாமல் தொழில்முறைக் கட்டணமாகவே பணம் கொடுப்பதால், அங்கே இருக்கும்வரை உன் வழக்கறிஞர் பதிவுக்குச் சிக்கல் வரவில்லை. கம்பெனியில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தாலோ, இந்திய பார் கவுன்சிலின் 49ஆம் விதிப்படி அதைத் தெரிவித்துவிட்டு, அந்த வேலையில் இருக்கும்வரை வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். அசல் பதிவுச் சான்றிதழைப் பதிவுத் தபாலில் நம் மாநில பார் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். திரும்பும்போது பிரமாணப் பத்திரத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். அனுப்பும் முன் சான்றிதழை நகலெடுத்து, தபால் ரசீதோடு பத்திரமாக வைத்துக்கொள்.

அண்ணன்: விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் என்ன செய்வது, பெரியப்பா?

பெரியப்பா: 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் முன் அப்படிப்பட்ட தடை பொதுவாக நிற்காது. கட்சிக்காரர்களின் ரகசியத்தைக் காக்கும் கடமை மட்டும் எங்கே போனாலும் கூடவே வரும். என்னைக் கேட்டால், திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்பதைச் சட்டத்தைவிட நீ விலகும் விதம்தான் தீர்மானிக்கும். நடந்துகொண்டிருக்கும் ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு வராதே. எந்த வரைவு எந்த நிலையில் இருக்கிறது, எதிர்த்தரப்பு எதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையெல்லாம் அடுத்து வருபவருக்குப் புரியும்படி எழுதிக் கொடு. திரும்பும்போது உன்னோடு படித்தவர்கள் நிறுவனத்தின் பங்குதாரராக, அதாவது பார்ட்னராக இருக்கலாம், கம்பெனியில் கழித்த ஆண்டுகளை அவர்கள் முழுமையாகக் கணக்கில் எடுக்காமலும் போகலாம். அதை மனத்தில் வைத்துத்தான் நீ முடிவெடுக்க வேண்டும்.

நான்: அந்தக் கம்பெனி எங்கள் நிறுவனத்தின் கட்சிக்காரர்தான், பெரியப்பா. ராஜினாமா செய்யாமல், சில மாதங்களுக்கு என்னை அங்கே செகண்ட்மென்டில், அதாவது தற்காலிகப் பணிக்கு, அனுப்பக் கேட்கலாமா?

பெரியப்பா: தாராளமாகக் கேள். சம்மதித்தால் உன் பதிவையும் நிறுத்திவைக்க வேண்டியிராது, அந்த வேலை உனக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும். மறுத்தால் மட்டும் ராஜினாமாக் கடிதம் எழுது. அதன் வரைவை எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

நான்: திங்கட்கிழமை பார்ட்னரிடம் பேசிவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.