செபரேஷன்: 'பிரிப்பு' பொருந்தவில்லை, 'இடைக்காப்பு' ஆகுமா?

வணக்கம் ஐயா.

கருவிப் பறப்பு விதிகளில், அதாவது வெளியே பார்த்து ஓட்டாமல் கருவிகளைக் கொண்டு பறப்பதற்கான விதிகளில், செபரேஷன் என்று வரும்: விமானங்கள் மோதாதபடி நடுவில் குறையாமல் காக்கவேண்டிய தூரம். அதற்கு நீங்கள் தந்த 'பிரிப்பு' எனக்கு ஒட்டவில்லை. சேர்ந்திருப்பதைத்தான் பிரிப்போம்: சொத்தை, சந்தியை. இங்கே இரண்டு விமானங்களும் நெருங்கவே விடாமல் பார்ப்பதுதான் தரையிலிருந்து வழிநடத்தும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் வேலை. 'விலக்கம்' புள்ளியியலுக்குப் போய்விட்டது. மழைமேகத்தைச் சுற்றிப்போக விமானி அனுமதி கேட்பாரே, அதற்கும் 'விலகல்' வேண்டும்.

'இடைவெளி'தான் மிச்சம். நானும் முதலில் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். மேகத்துக்குள் போகும் விமானி கண்ணால் பார்த்து ஒதுங்க முடியாது. ஆகவே உயரத்தில் 1000 அடி, அல்லது ரேடார் உள்ள வழித்தடத்தில் கிடைமட்டமாக 5 கடல்மைல் என்று தரையிலிருப்பவர் காத்துத் தருகிறார். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். 29,000 அடிக்கு மேல் முன்பு 2000 அடி வேண்டியிருந்தது. இந்திய வான்வெளியில் 2003 நவம்பரிலிருந்து 41,000 அடி வரைக்கும் 1000 அடிதான்.

உயரமோ கிடைமட்டமோ ஒன்று போதும் என்பதால் ரேடார் திரையில் சில சமயம் இரண்டு விமானங்களின் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். பக்கத்தில் 140, 150 என்று நூறடிக் கணக்கில் உயர எண்கள், அதாவது 14,000, 15,000 அடி. பார்ப்பவர் இடைவெளியே இல்லை என்பார். ஆனால் செபரேஷன் முழுதாக இருக்கிறது!

1996 நவம்பர் 12-ஐ நினைத்துப் பாருங்கள். டெல்லியிலிருந்து ஏறிய சவூதி விமானத்துக்கு 14,000 அடி, இறங்கிவந்த கசாக் விமானத்துக்கு 15,000 அடி. எதிரெதிரே வந்த இரண்டுக்கும் நடுவில் காவலாக இருந்தது அந்த ஆயிரம் அடி மட்டுமே. கசாக் விமானம் அதைத் தாண்டிக் கீழே இறங்கியது. சர்க்கி தாத்ரி வானில் மோதி 349 பேர் இறந்தார்கள்.

அந்த ஆயிரம் அடியை வெறும் 'வெளி' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது காப்பு. ஆகவே 'இடைக்காப்பு' என்கிறேன். 5 மைல் வேண்டிய இடத்தில் 4 மைல் இருந்தால் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது, இடைக்காப்பு முறிந்துவிட்டது. இந்த வேறுபாட்டை ஒரே சொல்லால் காட்ட முடியாது. தரையிறங்க வரிசைப்படுத்தும்போது விடும் தூரத்துக்கு, அதாவது ஸ்பேசிங்குக்கு, 'இடைவெளி' அப்படியே இருக்கட்டும்.

உயர இடைக்காப்பு, பக்க இடைக்காப்பு, ஒரே தடத்தில் பின்தொடரும்போது முன்பின் இடைக்காப்பு, இடைக்காப்புச் சிறும அளவு எனத் தொகைச்சொற்களும் தடையின்றி வருகின்றன. 'இடை' இடுப்பையும் குறிக்குமே என்பீர்கள். வான்வெளிப் பேச்சில் அந்தக் குழப்பம் வராது.

வினைதான் இன்னும் உறுத்துகிறது. 'இடைக்காப்பு அளித்தார்' நீளம். 'இரண்டையும் இடைகாத்தார்' என்று எழுதலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.