தேக்கு வெற்றிலைப் பெட்டி: ஒட்டினதும் கோணல், ஒரு மூலையில் இடைவெளி. பிரிக்கலாமா?

கும்பகோணம்_பெட்டி:
அரை அங்குலத் தேக்கு. வெளியளவு 30 × 20 செ.மீ., உயரம் 10. நாலு மூலையும் 45 டிகிரி வெட்டு, சாதாரண வெள்ளை ஃபெவிகால், சுற்றிலும் கயிறு முறுக்கி இறுக்கினது. 14 மணி நேரம் கழிச்சு அவிழ்த்தா மூணு கோளாறு. மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டுக்கும் 4 மி.மீ. வித்தியாசம். ஒரு மூலை வெளிப்பக்கம் மேலேயிருந்து பாதி வரைக்கும் முக்கால் மி.மீ. வாய் பிளந்திருக்கு. வழிஞ்ச பசையை ஈரத்துணியால துடைச்ச இடமெல்லாம், பாலிஷுக்கு முன்னாடி பூசுற சீலர் தொட்டா வெளுத்துத் தெரியுது. அடிப்பலகை, மூடி இன்னும் போடலை. பிரிச்சு ஒட்டுறதா, இப்படியே சமாளிக்கிறதா?

உளிமுனை:
கோணலுக்காகப் பிரிக்க வேண்டாம். இந்த அளவுப் பெட்டியில் குறுக்களவு 4 மி.மீ. மாறினால் 20 செ.மீ. பக்கம் சுமார் இரண்டரை மி.மீ. சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாது. மூலைமட்டம் வைத்து வெட்டிய மூடியைப் போட்டால்தான் காட்டிக்கொடுக்கும். எனவே பெட்டியைப் பலகை மேல் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து, அதன்படியே மூடியை வெட்டுங்கள். புரட்டிப் போட்டால் பொருந்தாது. உள்பக்கம் எது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளுப்புக்கு: தின்னர் நனைத்த துணியால் முழுக்கத் துடைத்தால் மரம் கருக்கும், பசை இருக்கும் இடம் மட்டும் வெளிறி நிற்கும். அங்கெல்லாம் வட்டம் போட்டு, கண்ணாடிச் சில்லு அல்லது கூரான உளியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுங்கள். நேரே உப்புத்தாள் போட்டால் சூட்டில் பசை இளகித் தாளை அடைத்துவிடும். சுரண்டிய பிறகு 120, 180, 220 எண் உப்புத்தாள், இதே வரிசையில். ஈரத்துணியால் துடைப்பதே தப்பு. பசை கரைந்து மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடுகிறது. அரை மணி நேரம் விட்டு, ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியால் தூக்கினால் பட்டையாக உரிந்து வரும்.

பிளந்த மூலையைக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். சத்தமோ அசைவோ இல்லையென்றால், இழைப்புளிச் சீவலில் தேக்குத் துணுக்கு ஒன்றைப் பசை தடவிச் செருகி, காய்ந்ததும் சீவிவிட்டால் போதும். ஃபெவிகாலில் மரத்தூள் குழைத்து அடைக்காதீர்கள். அதில் பாலிஷ் ஏறாது, கோடு கோடாகத் தெரியும்.

மாயவரம்_இழைப்புளி:
அது மட்டும் போதாதுங்க. வெற்றிலைப் பெட்டின்னா உள்ளே எப்பவும் ஈரம் இருக்கும், சாதாரண வெள்ளைப் பசை ஈரத்துல மெதுவா விட்டுடும். 45 வெட்டு முகம் பசையை உறிஞ்சிக்கும், போதாததுக்குக் கயிறு வேற மிச்சத்தைப் பிதுக்கித் தள்ளியிருக்கும். நாலு மூலைக்கும் குறுக்குப் பட்டை போடுங்க, அதாவது மூலையில வெட்டின இடுக்குல செருகி ஒட்டுற மெல்லிசு மரப்பட்டை. மேலேயிருந்தும் கீழேயிருந்தும் 25 மி.மீ. தள்ளி, மூலை முனையிலே ரம்பத்தால குறுக்கா ஒரு வெட்டு. ஆழம் முனையிலேருந்து 12 மி.மீ. போதும், 17-ஐத் தாண்டினா உள்ளே ஓட்டை தெரியும். வைரம் பாஞ்ச பூவரசுல பட்டை இழைச்சா தேக்குல நிறம் எடுத்துக் கொடுக்கும். விரலால தள்ளினா உள்ளே போகணும், சுத்தியல் தேவைப்பட்டா பட்டை தடிமன்னு அர்த்தம். பசை பட்டதும் இன்னும் ஊதும். இதுக்கு ஈரம் தாங்குற ஃபெவிகால் மரைன் வாங்கிக்குங்க.

கும்பகோணம்_பெட்டி:
அசைச்சுப் பார்த்தேன் அண்ணே. அந்த ஒரு மூலை மட்டும் கிரிச்சுனு சத்தம் போடுது. மத்த மூணும் கெட்டி.

உளிமுனை:
அப்படியானால் அதை மட்டும் திறந்தாக வேண்டும். ஊசி சிரிஞ்சில் வெள்ளை வினிகர் எடுத்துப் பிளவுக்குள் விட்டு 20 நிமிடம் ஊறவிடுங்கள். இரும்பு நார், துருப்பிடித்த கத்தி பக்கத்தில் வரக்கூடாது. வினிகரும் இரும்பும் சேர்ந்தால் தேக்கில் கறுப்புக் கறை. பிறகு ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவி) குறைந்த சூட்டில், 15 செ.மீ. தள்ளி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். 60, 70 டிகிரியில் பசை இளகத் தொடங்கும், அரை அங்குலப் பலகையின் உள்ளே சூடு இறங்கச் சில நிமிடம் பிடிக்கும். மற்ற மூன்று மூலைக்கும் சூடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய பட்டைக் கத்தியைப் பிளவின் வாயிலிருந்து இறக்குங்கள், நெம்ப வேண்டாம். 4, 5 மி.மீ.க்கு மேல் விரித்தால் நல்ல மூலைகளும் விட்டுவிடும்.

காய்ந்த ஃபெவிகால் மேல் புது ஃபெவிகால் பிடிக்காது. அந்த இடுக்கில் வெறும் மரம் தெரியும் வரை சுரண்டுவது கஷ்டம், அதனால் இந்த மூலைக்கு மட்டும் அரால்டைட் (இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும் எபாக்சி பசை). முடிந்தவரை சுரண்டி, ஒரு நாள் காயவிட்டு, அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் ஒட்டிவிடுங்கள். நேரம் போனால் தேக்கின் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். இரண்டு டியூபும் சம அளவு. லேசான இறுக்கம் போதும், 24 மணி நேரம் தொடாதீர்கள்.

மாயவரம்_இழைப்புளி:
அரால்டைட் வழிஞ்சா காயறதுக்குள்ள அசிட்டோன் துணியால எடுத்துடுங்க, கல்லானப்புறம் உளி முனைதான் போகும். குறுக்குப் பட்டையை அதுக்கு மறுநாள் வெட்டுங்க. ஐப்பசி, கார்த்திகை மழைன்னா இன்னும் ஒரு நாள் கூட விடுங்க.