டர்போ இன்ஜினை நானே பூட்டப் போகிறேன்: முதலில் எந்தக் கருவியை வாங்குவது?

நான்குஉருளை:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ இன்ஜின் ஒன்றை முழுவதுமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 86 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86 மி.மீ. ஃபோர்ஜ்டு பிஸ்டன்களும் புதிய கனெக்டிங் ராடுகளும் வந்துவிட்டன. போரிங், ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கடைந்து, பிறகு கல்லால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது) முடிந்து பிளாக்கை நேற்றுதான் பட்டறையிலிருந்து எடுத்து வந்தேன். "எல்லாம் பார்த்தாகிவிட்டது, நேரே பூட்டிக்கொள்ளலாம்" என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

கையில் இருப்பவை ஸ்பானர் செட், ஒரு டிஜிட்டல் வெர்னியர், பழைய டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவைக் காட்டும் ரெஞ்ச்). ஹைட்ராலிக் பிரஸ், காற்றில் இயங்கும் ரெஞ்ச், இன்ஜின் ஸ்டாண்டு இவற்றிலிருந்து தொடங்கு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க என்னால் முடியாது. பேரிங் இடைவெளியை இந்த வெர்னியரிலேயே பார்த்துவிடலாமா? பிஸ்டன் ரிங்குகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டலாமா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்) நானே ஸ்டெயின்லெஸ் குழாயில் செய்ய நினைக்கிறேன். இரும்புக் குழாய்களில் டிக் வெல்டிங் செய்த பழக்கம் உண்டு.

இது நான் பூட்டும் முதல் இன்ஜின். அவசரம் இல்லை. ஆனால் இரண்டாவது முறை பிரிக்க மனமில்லை.

பழையமைக்ரான்:

தம்பி, ஸ்டாண்டை மட்டும் வாங்குங்கள். பிரஸ் தேவைப்படும் நாளில் இரவல் கேட்டுக்கொள்ளலாம். காற்று ரெஞ்சுக்கு இன்ஜின் பூட்டும் மேசையில் வேலையே இல்லை. மீதிப் பணம் முழுவதும் அளக்கும் கருவிகளுக்குப் போகட்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். மட்டமான ஸ்பானர் விரல் முட்டியைத்தான் பெயர்க்கும். மட்டமான அளவு இன்ஜினையே கொண்டுபோய்விடும்.

வெர்னியரில் பேரிங் இடைவெளி பார்க்க முடியாது. நல்ல டிஜிட்டல் வெர்னியரே 0.02 மி.மீ. முன்னே பின்னே காட்டும். நீங்கள் தேடும் இடைவெளியோ, ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் தண்டுப் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. 48 மி.மீ. ஜர்னலுக்கு ஏறத்தாழ 0.05 மி.மீ. ஜர்னலில் ஒரு 0.02, துளையில் ஒரு 0.02 பிசகினால் அந்த 0.05-இல் நம்பிப் பூட்ட என்ன மிஞ்சும்?

25-50, 50-75, 75-100 என மூன்று மைக்ரோமீட்டர்கள், துளையின் விட்டம் பார்க்க ஒரு டயல் போர் கேஜ், இடுக்குகளைப் பார்க்க ஒரு ஃபீலர் கேஜ். இவை போதும். போர் கேஜ் தானாக அளவு சொல்லாது, ஒப்பிட்டுத்தான் சொல்லும். ஆகவே முதலில் ஜர்னலை மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த அளவிலேயே அதைப் பூட்டிவிடுங்கள். அதன் இரு முகங்களுக்கு நடுவே போர் கேஜை வைத்து முள்ளைச் சுழியத்தில் நிறுத்துங்கள். பிறகு பேரிங்கின் இரு பாதிகளையும் பொருத்தி, போல்ட்டுகளைக் கடைசி இறுக்கம் வரை இறுக்கி, கேஜை உள்ளே விட்டு மெல்ல முன்னும் பின்னும் சாயுங்கள். முள் போய்த் திரும்பும் புள்ளிதான் விட்டம். அது சுழியத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதுவே உங்கள் இடைவெளி. மைக்ரோமீட்டரிலேயே இரண்டு மைக்ரான் (0.002 மி.மீ.) பிழை இருந்தாலும் கவலை இல்லை. ஜர்னலிலும் துளையிலும் அதே பிழை ஏறியிருப்பதால் கழிக்கும்போது அடிபட்டுப் போகும். இந்த முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

இரு பாதிகளும் சேரும் கோட்டுக்கு நேர்க்குத்தாக அளக்க வேண்டும். சேரும் இடத்தில் பேரிங்கை வேண்டுமென்றே சற்று மெலிதாகச் செய்திருப்பார்கள். அங்கே அளந்தால் இல்லாத இடைவெளி இருப்பதுபோலத் தெரியும்.

அடுத்தது சூடு. நீள அளவுகளுக்கு உலகம் முழுவதும் 20 டிகிரி செல்சியஸ்தான் பொது வெப்பநிலை. உங்கள் அறையைச் சரியாக அதில் வைக்க முடியாவிட்டாலும், பிளாக், பிஸ்டன், கருவி எல்லாம் ஓர் இரவு ஒரே அறையில் கிடக்கட்டும். 86 மி.மீ. அலுமினிய பிஸ்டன் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மைக்ரான் விரியும். வெயிலில் வந்த பெட்டியைத் திறந்த கையோடு அளந்தால், 15 டிகிரி வித்தியாசத்துக்கு 0.03 மி.மீ. பொய் சொல்லும். மைக்ரோமீட்டரையும் உள்ளங்கையில் பொத்திப் பிடிக்காதீர்கள், உடம்புச் சூடு ஏறும்.

கருவியை வாங்கிய அன்றே இன்ஜினைத் தொட வேண்டாம். மைக்ரோமீட்டரோடு வரும் அளவுத் தண்டைத் தினமும் இருபது முறை அளந்து எழுதுங்கள். முதல் நாள் நான்கைந்து மைக்ரான் அலையும். ஒரே எண் திரும்பத் திரும்ப வரத் தொடங்கும்போது கைப்பதம் வந்துவிட்டது என்று பொருள்.

ரிங் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தொடக்க காலத்தில் ஒரு டர்போ இன்ஜின். முதல் சிலிண்டரில் ரிங் முனைகளின் இடைவெளியைப் பார்த்தேன், 0.45 இருந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று மற்ற மூன்றையும் பார்க்காமலே மாட்டிவிட்டேன். சோற்றுக்குப் பொருந்துவது ரிங்குக்குப் பொருந்தாது. பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) ஏற்றி ஓட்டிய இரண்டாவது வாரமே மூன்றாவது சிலிண்டர் புகை கக்கியது. பிரித்தபோது பிஸ்டனின் மேல் வரம்பு பிறை வடிவில் பெயர்ந்து வந்திருந்தது. அந்த ரிங்கைக் கையில் எடுத்து முனைகளைப் பார்த்தேன். இரண்டும் கண்ணாடிபோலப் பளபளத்தன. சூட்டில் நீண்ட ரிங்குக்குப் போக இடமில்லாமல் இரு முனைகளும் ஒன்றையொன்று முட்டித் தேய்த்த பளபளப்பு அது. அதே பெட்டியில் மிஞ்சிக் கிடந்த ரிங்குகளை அந்தச் சிலிண்டரில் வைத்துப் பார்த்தேன், 0.25. வண்டிக்காரரிடம் பிழை என்னுடையது என்று சொல்லிப் புதிய பிஸ்டன் வாங்கிக் கொடுத்தேன். அந்த ரிங் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு ரிங்கையும் அது வேலை செய்யப்போகும் சிலிண்டரிலேயே வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ஓர் அங்குல ஆழத்துக்கு நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் அளங்கள். டர்போவுக்கு, போர் விட்டத்தை 0.005-ஆல் பெருக்குவது ஒரு தொடக்கக் கணக்கு. உங்களுக்கு 0.43 வரும். பூஸ்ட் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும். ரிங் தயாரிப்பாளர் தரும் அட்டவணையே கடைசிச் சொல். குறைவாக இருந்தால் ஒரு முனையை மட்டும், வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கமாக அரையுங்கள். எதிர்த்திசையில் அரைத்தால் மேல்பூச்சு செதில் செதிலாகப் பெயரும்.

ஒன்று கேட்க வேண்டும். ஹோனிங் செய்யும்போது ஹெட் உட்காரும் இடத்தில் தடித்த தகட்டை வைத்துப் போல்ட் இறுக்கினார்களா? ஹெட் போல்ட்டின் இழுவையில் சிலிண்டரின் வட்டம் கெடும். அந்த இழுவை இருக்கும்போதே ஹோனிங் செய்தால்தான் பூட்டிய பிறகு வட்டமாக நிற்கும்.

நெம்புகோல்:

மேலே ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தப் பழைய டார்க் ரெஞ்ச் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? 5,000 இறுக்கம் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது சோதிக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை.

ரெஞ்ச் சரியாக இருந்தாலும் ராடு போல்ட்டுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கடியில் உராய்விலேயே தீர்ந்துவிடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரையில் போகிறது. இறுக்கிப் பிடிக்கும் விசையாக மாறுவது பத்தில் ஒரு பங்குதான். இன்ஜின் ஆயிலைத் தடவினால் ஓர் இறுக்கம், போல்ட்டோடு வந்த பசையைத் தடவினால் வேறு இறுக்கம், ரெஞ்ச் காட்டும் எண் மட்டும் ஒன்றே. போல்ட் எவ்வளவு நீள்கிறது என்று இரு முனைகளையும் பிடித்துப் பார்க்கும் டயல் கேஜ் இருக்கிறது. அதை வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் எட்டுப் போல்ட்டின் நீளத்தையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பின்னால் கழற்றும்போது ஏதாவது ஒன்று 0.025 மி.மீ. நீண்டே நின்றுவிட்டால் அதைத் தூக்கிப் போடுங்கள்.

ஆர்கான்கை:

மேனிஃபோல்டு பற்றிச் சுருக்கமாக. குழாயின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பிரேக் கிளீனரைத் தொடாதீர்கள். குளோரின் கலந்த கிளீனர் மிச்சம் இருக்கும் இடத்தில் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. அசிட்டோன் போட்டுத் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு டார்ச்சை எடுங்கள்.

ஸ்டெயின்லெஸ்ஸுக்கு வெளிப்பக்க ஆர்கான் மட்டும் போதாது, குழாயின் உள்ளேயும் ஆர்கான் நிரம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெல்டின் உட்புறம் கருகிய சர்க்கரைபோலப் பொரிந்து நிற்கும். சைலன்சருக்குப் போகும் குழாயில் அது வெறும் அவலட்சணம். டர்போவுக்கு முன்னால் இருக்கும் மேனிஃபோல்டில், அந்தப் பொரி உதிர்ந்தால் நேரே டர்பைன் சக்கரத்தில்தான் போய் அடிக்கும். குழாய்கள் சேரும் வாயை ரம்பத்தாலும் அரத்தாலும் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பொருத்துங்கள். நேரத்தில் முக்கால் பங்கு அந்தப் பொருத்தத்துக்கே போகும், போகட்டும்.

நான்குஉருளை:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மைக்ரோமீட்டர்களும் போர் கேஜும் வந்துவிட்டன. பழையமைக்ரான் அண்ணா சொன்னபடி பத்து நாள் அளவுத் தண்டோடு மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

மெயின் பேரிங் (கிராங்க் தண்டைப் பிளாக்கில் தாங்குபவை) ஐந்தில் நான்கு 0.050-க்கும் 0.054-க்கும் நடுவில் நிற்கின்றன. நான்காவது மட்டும் 0.033 காட்டியது. மூன்று முறை அளந்தும் அதே எண். பேரிங் பாதியை வெளியே எடுத்துத் திருப்பினேன். முதுகில் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு பளபளப்பான புள்ளி. அதற்கு நேரே பிளாக்கில் விரல் நகத்தை ஓட்டினால் ஏதோ தட்டுப்பட்டது. ஹோனிங் கல்லின் துகள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது! துடைத்துவிட்டுப் பூட்டினேன், 0.051 வந்தது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

ரிங்குகளில் இரண்டு 0.28, மற்றவை 0.36-க்கும் 0.40-க்கும் இடையில். தகட்டைப் பற்றிக் கேட்டதற்கு, வைக்கவில்லை என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். இப்போது ரிங்கை அரைக்கத் தொடங்கலாமா?

பழையமைக்ரான்:

வேண்டாம், ரிங்கை இன்னும் தொடாதீர்கள். உங்கள் இன்ஜினுக்குரிய தகடு வைத்திருக்கும் பட்டறையைத் தேடுங்கள். தகட்டைப் பூட்டி ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், இரண்டு திசையில் போர் கேஜால் அளங்கள். வட்டம் கெடாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். கெட்டால் மறுபடி ஹோனிங்தான். அப்படிச் செய்யும்போது போர் விட்டம் 0.01 மி.மீ. கூடினால் ரிங் இடைவெளி 0.03 கூடிவிடும், சுற்றளவு அல்லவா. முன்கூட்டியே 0.43-க்கு அரைத்து வைத்திருந்தால் கணக்கு தப்பும். எல்லாம் முடிந்த பிறகு, தகடு பூட்டியபடியே ரிங்கை அளந்து அரையுங்கள்.

ஒரு துகள் அகப்பட்டதென்றால் அகப்படாதவை இன்னும் நிறைய இருக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் எண்ணெயைத்தான் கரைக்கும், கல் துகளை ஹோனிங் கோடுகளின் இடுக்கிலேயே விட்டுவிடும். சுடுநீரும் சோப்பும் நைலான் பிரஷ்ஷும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் போகும் துளைகளின் அடைப்பான்களை எல்லாம் கழற்றிவிட்டு நீளமான மெல்லிய பிரஷ்ஷை உள்ளே விடுங்கள். கழுவிய சிலிண்டரை ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமாக வந்தால் திரும்பக் கழுவ வேண்டும். நான் நான்கு முறை கழுவிய பிளாக்குகள் உண்டு. துணி வெள்ளையாகவே வந்ததும் காற்றடித்து உலர்த்தி, அந்த நிமிடமே ஆயில் தடவிவிடுங்கள். சுடுநீர் பட்ட வார்ப்பிரும்பு கண்ணெதிரிலேயே துருப்பிடிக்கும்.

தகடு கிடைத்ததும் அளவுகளை இங்கே எழுதுங்கள். நான்காவது மெயின் பேரிங்கைக் கழுவிய பிறகு இன்னொரு முறை அளந்துவிடுங்கள்.